கிரேஸின் வண்டி நின்ற இடங்கள்

சாமி, நான் வேலையில் சுத்தம் பார்க்கிறவன். ஒரு நட்டைக் கழற்றினால் துணியால் துடைத்து, கழற்றிய வரிசைப்படியே தகரத் தட்டில் அடுக்கி வைப்பேன். பொம்மனஹள்ளியில் என் ஷெட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும், தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் படிக்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

பெயர் ஆரோக்கியசாமி. வயது நாற்பத்தொன்று. பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். கல்யாணம் ஆகவில்லை. இருபது வருடமாக டீசல் வண்டிகளின் பம்ப் வேலை மட்டும் செய்துவருகிறேன். ஓசூர் ரோட்டில் யாரிடம் கேட்டாலும் பம்ப் ஆரோக்கி என்று கைகாட்டுவார்கள்.

உங்களுக்கு வண்டி விவரம் தெரியாது என்று அன்றைக்கே சொன்னீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். டாங்கியில் இருக்கும் டீசலை உறிஞ்சி எஞ்சினுக்கு ஏற்றிக் கொடுக்க ஒரு சின்ன பம்ப் உண்டு. ஃபீட் பம்ப் என்போம். டீசலோடு காற்றும் உள்ளே போய்விட்டால் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். ஏர் லாக் என்பது அதுதான். அப்புறம் ஒருவர் பம்பின் தலையில் இருக்கும் குமிழைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் ஃபில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு வெறும் டீசல் வரும், அப்போது ஸ்க்ரூவை இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் செய்யலாம், ஆனால் நான் செய்ததில்லை.

கிரேஸையும் அவள் அம்மா லூர்துமேரியம்மாவையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்கள் கோயில் பங்கு மக்கள்தானே. அவர்களும் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்க வேலையை விட்டபோது வந்த பணத்தில் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் மகளும் வீட்டிலேயே சமைத்து, கார்மெண்ட் ஃபேக்டரிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். வண்டியைக் கிரேஸேதான் ஓட்டுவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் நான்கு அண்டா சாம்பாரோடு, லாரிகளுக்கு நடுவே அவள் போகிற அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தொண்ணூற்றைந்து ஜூலையில்தான் முதன்முதலாக அவள் வண்டி நின்றது. சில்க் போர்டு பக்கத்தில். என் ஷெட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். பம்பின் உள்ளே இருந்த ரப்பர் நிஜமாகவே கிழிந்திருந்தது. அதில் என் கை எதுவும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் குமிழை அமுக்கினாள். நான் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நுரை நின்னுடுச்சுண்ணா, இறுக்குங்க," என்றாள்.

பம்ப் வைத்துப் பிழைக்கிறவனுக்கு எப்போது இறுக்க வேண்டும் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய எலுமிச்சை சாதம் கொடுத்தாள். அன்று மாலையே வண்டியை ஷெட்டுக்கு வரவழைத்து, ரப்பரை மாற்றி, வால்வைத் தேய்த்து, அப்பழுக்கில்லாத வேலையாகச் செய்து கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. நான்கு மாதம் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பூத்துக்காரன் போனை எடுக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். அவன் தலையை ஆட்டுவான். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, சாமி.

நவம்பரில் டாங்கி கழுவ வண்டி வந்தது. டாங்கிக்குள் ஒரு நீளக் குழாய் இறங்கியிருக்கும். அடியில் இருக்கிற டீசலை பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சும். அதை வெளியே எடுத்தேன். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தீக்குச்சி நுனி நுழைகிற அளவுக்கு, கை ட்ரில்லால் ஓர் ஓட்டை போட்டேன். ஓரத்தில் பிசிறு நிற்கக் கூடாது என்று அரத்தால் நீவிவிட்டு, குழாயைத் திரும்பவும் மாட்டினேன்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. டீசல் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றைக் குடிக்கத் தொடங்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. பெங்களூரில் உள்ள அத்தனை மெக்கானிக்கும் வரிசையில் நின்று பார்த்தாலும் பம்பைத்தான் சந்தேகப்படுவார்கள். கிரேஸும் எல்லோரையும் போல அன்றன்றைக்கு வேண்டிய டீசலைத்தான் அன்றன்று போடுவாள், டாங்கியை ரொப்புகிற பழக்கம் கிடையாது. அதனால் மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, வண்டி எங்காவது நிற்கும். பூத்துக்குப் போன் வரும். நான் ஐந்து லிட்டர் கேனோடு போவேன். பம்பைத் தட்டிப் பார்த்து, காற்றை வெளியேற்றி, "எதுக்கும் இருக்கட்டும்மா" என்று கேனில் இருந்ததை டாங்கியில் ஊற்றுவேன். மட்டம் ஓட்டைக்கு மேலே ஏறிவிடும். வண்டி ஓடிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. சாம்பார் கொஞ்சம் ஆறிப்போகும், அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் உங்களுக்கு நான் எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது. ஆனால் தொண்ணூற்றாறு மே மாதம் அவளுக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கிளார்க். நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் எல்லோரும் பிக்கப்பில்தான் போவதாக ஏற்பாடு. முதல் நாள் லூர்துமேரியம்மா வண்டியை என்னிடம் அனுப்பி, நல்லபடியாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். நல்லபடியாகவே பார்த்தேன். பம்ப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பம்பிலிருந்து வெளியே போகிற குழாயைக் கழற்றி லிட்டர் பாட்டிலுக்குள் விட்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்போம். அந்த டீசலைத் திருப்பி ஊற்றுவது ஷெட் வழக்கமில்லை, சாமான் கழுவ வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே டெஸ்ட் செய்தேன். மட்டம் ஓட்டைக்கு ஒரு விரல் மேலே வந்ததும் நிறுத்திக்கொண்டேன். மீட்டர் முள் காட்டுகிற டீசல் மல்லேஸ்வரம் போய்வரத் தாராளம், வழியில் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

மடிவாளாவில் நின்றது. அன்றைக்குப் பார்த்து மழை. எனக்குச் செய்தி வந்து, நான் போய்ச் சேர்ந்து, அவர்கள் மல்லேஸ்வரம் போனபோது மூன்று மணி நேரம் தாமதம். பூவும் பலகாரமும் நனைந்துவிட்டன. மாப்பிள்ளையின் அத்தை, நல்ல காரியத்துக்குக் கிளம்பிய வண்டி நடுவழியில் நின்றது சரியான சகுனம் இல்லை என்று சொன்னாராம். கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள்தான், இருந்தாலும் சகுனத்தை விட்டுவிட முடிவதில்லை. ஒரு வாரத்தில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவும் இல்லை. டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுகிற ஆள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லூர்துமேரியம்மா பம்பைத்தான் குற்றம் சொன்னார்கள். பெரிதாக ஒன்று போடச் சொன்னார்கள். லாரிக்கு வருகிற ஃபீட் பம்பை வாங்கிப் பொருத்தினேன். அவர்கள் முன்னாலேயே டெஸ்ட் செய்து காட்டினேன். பழைய பம்ப் ஒரு நிமிடத்தில் அரைப் பாட்டில்தான் கொடுத்தது, புதியது நாற்பது விநாடியில் முழுப் பாட்டில். காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்கக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயும் மாட்டிக் காட்டினேன். ஒரு குமிழி இல்லை. டெஸ்டுக்கு முன்னால் டாங்கியை நான் ரொப்பியிருந்தேன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அந்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்கள்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் இரண்டாவது வரன். இந்த முறை மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வண்டி போனது. முந்தின நாள் சர்வீஸில் அதே டெஸ்டைச் செய்து அனுப்பியிருந்தேன். பம்பும் பெரிது, அது இழுக்கிற காற்றும் பெரிது. அடுகோடி தாண்டியதும் நின்றது. போலீஸ்காரர் வந்து கன்னடத்தில் கத்தியதில் மாப்பிள்ளையின் அம்மா, முழங்கால் வலியோடு, வெயிலில் ஒரு மைல் நடந்திருக்கிறார்கள். நான் போனபோது கிரேஸ் தனியாக பானெட்டைத் திறந்துவைத்துக் குமிழை அமுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார். டீசல் வாசனை ஒத்துக்கொள்ளாத மனிதனுக்கு இவளைக் கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். அந்தச் சம்பந்தமும் அன்றைக்கே முடிந்தது.

இதன் பிறகு நடந்த சிலவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. லூர்துமேரியம்மா இரண்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார்கள். கிரேஸின் ராசி சரியில்லை என்று கோயில் பங்கில் ஒரு பேச்சு கிளம்பியது. கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டு தூக்குவதற்குக் கிரேஸைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வளையல் போடும் இடத்துக்கும் கூப்பிடவில்லை. நான் அவளைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. யாராவது ராசி என்று ஆரம்பித்தால், அதெல்லாம் இல்லை, பம்ப்தான் என்று நான்தான் அடித்துச் சொல்வேன்.

வண்டியை மந்திரிக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். ஞாபகம் இருக்கும். பூசை முடிந்து நீங்கள் வெளியே வந்து தீர்த்தம் தெளித்தீர்கள். பானெட்டைத் திறந்து, பம்பின் மேலும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னேன். பிறகு அவர்கள் இருவரையும் நானே வண்டியில் உட்கார வைத்துக் குழந்தை இயேசு கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கல்யாணம் கூட வேண்டும் என்று அந்தம்மா முட்டிக்கால் போட்டே பீடம் வரை போனார்கள். நானும் பின்னாலேயே மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போனேன். டாங்கி நிறைய டீசல் இருந்ததால் அன்று வண்டி ஒருமுறைகூட இருமவில்லை.

அதே வருடம் டிசம்பரில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பேகூர் ரோட்டில் வண்டி நின்றது. இருவருமாகக் காற்றை எடுத்துக்கொண்டிருந்தோம். நுரை வந்துகொண்டே இருந்தது. அவள் குமிழிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"ஆரோக்கிண்ணா, நெஜமாச் சொல்லுங்க. என் ராசி அப்படித்தானா?"

முகம் நனைந்திருந்தது, மழையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, "கரண்ட் பம்ப் ஒண்ணு வந்திருக்கு, அதப் போட்டுப் பாக்கலாம்மா," என்றேன்.

போட்டேன். டாங்கிக்குப் பக்கத்திலேயே உட்காருகிற எலெக்ட்ரிக் பம்ப். சாவியைத் திருப்பினால் தேனீ மாதிரி ரீங்காரம் போடும். டெஸ்டில் முப்பது விநாடிக்குள் பாட்டில் வழிந்தது. அந்த மாதிரி பம்பை நானே அதற்கு முன் பார்த்ததில்லை. நான் செய்த வேலையிலேயே சிறந்த வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஜனவரியில் மூன்றாவது வரனாகப் பிரசன்னா வந்தார். பிரேசர் டவுன்காரர், உங்கள் பங்குதான், ஃபேக்டரியில் ஃபிட்டர். ராசி பற்றி யாரோ காதில் போட்டதற்கு, வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். மூன்று ஞாயிறும் பூசையில் கல்யாண ஓலை வாசித்தீர்கள். எந்தத் தடையும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிப்ரவரி இருபத்துமூன்று, திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்குத் திருமணம் என்று குறித்தீர்கள். புதன்கிழமை விபூதித் திருநாள், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் பிரசன்னா இரண்டு வருட வேலைக்கு வளைகுடா போக வேண்டும். அன்றைக்கு மட்டும் உங்களுக்கு நான்கு கல்யாணம். நேரத்துக்கு வராதவர்கள் ஈஸ்டருக்குப் பிறகு வரலாம் என்று பீடத்திலிருந்தே கண்டிப்பாகச் சொன்னீர்கள். நேரம் தவறாத உங்கள் குணத்தை நான் மனதார மெச்சினேன்.

சனிக்கிழமை வண்டி சர்வீஸுக்கு வந்தது. டெஸ்ட் செய்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அடுகோடியில் ஒரு டீக்கடை முன்னால் போய் நின்றேன். என் கணக்குப்படி வண்டி அங்கேதான் நிற்க வேண்டும். கையில் ஸ்பேனர் பை, காலடியில் கேன். தற்செயலாக அங்கே இருந்ததாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். எட்டே முக்காலுக்கு வண்டி வந்தது. வெள்ளைப் பட்டும் தலையில் பூவுமாகக் கிரேஸேதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் லூர்துமேரியம்மா, பின்னால் ஜமுக்காளம் விரித்துச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர். வண்டி இருமவில்லை. நேராக வந்து என் முன்னால் தானாக நின்றது, அதாவது அவள் பிரேக் போட்டு நிறுத்தினாள்.

"ஏறுங்கண்ணா, கோயிலுக்குத்தானே," என்றாள். கேனையும் பையையும் ஒருமுறை பார்த்தாள்.

பின்னால் ஏறினேன். கேனை முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். ஒரு கிழவர் என் சட்டையைப் பார்த்து, மாப்பிள்ளைத் தோழனா என்று கேட்டார். ரிச்மண்ட் சிக்னலில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அல்சூர் ஏரிக்கரை ஏற்றத்தில் கட்டாயம் நிற்கும், ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் சாயும். அங்கேயும் நிற்கவில்லை. அந்த எலெக்ட்ரிக் பம்பின் ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. நான் அப்போது ஜெபம் செய்தேன், சாமி. எதற்காக என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒன்பது இருபதுக்குக் கோயில் வாசல். எல்லோரும் இறங்கி உள்ளே போனார்கள். கிரேஸ் சீட்டுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நீளமாக இருந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை வண்டி திரும்பி வந்தபோது முள் இறங்கியிருந்ததைக் கவனித்திருக்கிறாள். முன்பு இரண்டு முறையும் அப்படித்தான் இறங்கியிருந்தது என்று ஞாபகம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கேனில் டீசல் நிரப்பி, சீட்டில் வைத்து, டாங்கியை விட்டுவிட்டுக் கேனிலிருந்தே பம்புக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். கேன் காலியாகும்வரை வண்டி நிற்கவில்லை. பிறகு பிரசன்னா வந்து டாங்கிக் குழாயை வெளியே எடுத்திருக்கிறார். துரு தின்ற ஓட்டை இப்படி வட்டமாக இருக்காது, ஓரத்தை அரத்தால் வேறு நீவியிருக்கிறது என்று ஃபிட்டர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றே புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். இத்தனையையும் அவள் சாவகாசமாக, சத்தம் போடாமல், வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"சாம்பார் வரலைன்னா அண்டாவத்தானே மொதல்ல பாப்போம். மூணு வருஷமா நாங்க பம்ப மாத்திக்கிட்டிருந்தோம்," என்றாள். பிறகு, "இத நீங்களே சாமிகிட்ட குடுத்துடுங்கண்ணா. நான் சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க."

கடைசி பெஞ்சில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுப் பூசையும் கண்டேன். தாலி கட்டும்போது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண்மணி, தங்கச்சியா என்று கேட்டார்கள். எல்லோரும் போன பிறகு பொட்டலத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

மூன்று கேள்வி கேட்டீர்கள். ஓட்டை போட்டது நீதானா என்பது முதலாவது. நான்தான். முழு நினைவோடு, அளந்து, போட்டேன். இரண்டு சம்பந்தம் முறிந்ததும் என்னால்தான், மூன்றாவதையும் முறிக்கத்தான் அடுகோடியில் காத்திருந்தேன்.

ஏன் என்பது இரண்டாவது. எனக்கு அவளைப் பிடிக்கும். அதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்றீர்கள். சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள், அதோடு போன் வருவதும் நின்றிருக்கும். அண்ணா என்று அவள் கூப்பிடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெங்களூரில் பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாவது, அந்தம்மாவிடமும் கிரேஸிடமும் மன்னிப்புக் கேட்டு, இனி அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று எழுதித் தருவாயா என்றீர்கள். இதோ எழுதிவிட்டேன், கையெழுத்தும் கீழே இருக்கிறது. மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் மனதை அரிக்கிறது. நேற்று மடிவாளா மார்க்கெட் பக்கம் அந்த வண்டியைப் பார்த்தேன். பிரசன்னா ஓட்டிக்கொண்டு போனார், கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் நல்ல ஃபிட்டராக இருக்கலாம், ஆனால் டீசல் பம்ப் வேறு விஷயம். அதுவும் ஏப்ரலில் அவர் கிளம்பிப் போய்விடுவார். அதன் பிறகு நடுரோட்டில் வண்டி நின்றால் பாவம், அவள் யாரைக் கூப்பிடுவாள்? தொட மாட்டேன், சாமி. ஒருமுறை பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடுகிறேன். வண்டியின் இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது, அதை அவர்கள் இன்னும் கேட்கவில்லை.